ஒரு மூச்சுக்கு முன்

அந்த வீடியோவை டாக்டர் லுத்ஃபி யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரே நாளில் விஷயம் முடிந்திருக்கும். அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம்.

வீடியோவில் பெரிதாக ஒன்றும் இல்லை. போன வருடப் போட்டியன்று கழகத்து அறையில் யாரோ கைபேசியில் எடுத்தது. கணினித் திரைக்கு முன்னால் லுத்ஃபி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் முனீர் மவுஸைப் பிடித்தபடி நிற்கிறார். முனீரின் இன்னொரு கை மேசைமேல் சாதாரணமாக ஊன்றியிருக்கிறது. அந்தக் கையின் சுண்டுவிரல் மட்டும் நீண்டு, லுத்ஃபியின் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அலெக்சாண்டிரியாவில், ஷாட்பி டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது அந்தக் கழகம். வேலை முடிந்து வருபவர்கள் அங்கே கணினியில் விமானம் ஓட்டுவார்கள். லுத்ஃபி பல் டாக்டர். முனீர் கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் நின்று குறை சொல்வது அங்கே தொழுகைக்கு அடுத்த கடமை.

ஜாய்ஸ்டிக்கை அங்கே எல்லோரும் குச்சி என்பார்கள். குச்சியின் நடு எது என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் காட்டித்தர வேண்டும். காலிபிரேஷன் என்பது அதற்குப் பெயர், கழகத்துக்காரர்களுக்கு அது நடு பிடிப்பது. குச்சியை எல்லா மூலைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது தானாகத் திரும்பி வந்து நிற்கும் இடத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு விரல் பட்டாலும் போயிற்று. கணினி கோணலையே நேர் என்று நம்பிவிடும். பிறகு கையை எடுத்துவிட்டாலும் விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். ஓட்டுபவர், "காற்று சரியில்லை, இறக்கை சரியில்லை" என்று ஏதேதோ தேடிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. நடு பிடிக்கும்போது குச்சிக்குச் சொந்தக்காரர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும், இன்னொருவர்தான் பொத்தானை அமுக்க வேண்டும். அறையில் இருப்பவர்கள் "சரணடைஞ்சுட்டார்" என்று கத்துவார்கள்.

போன வருடம் லுத்ஃபி சரணடைந்தார், முனீர் அமுக்கினார். பழைய நுஸ்ஹா விமான நிலையத்தில், மரியூத் ஏரிக்கு மேலாக வந்து, ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகளுக்குள் அலுங்காமல் இறங்க வேண்டும் என்பது போட்டி. லுத்ஃபி அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அன்று விமானம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போய், ஓடுபாதையை விட்டு விலகிப் புல்வெளியில் மூக்கைக் குத்தி நின்றது.

முனீர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாருங்கப்பா, டாக்டர் பயணிங்களை எல்லாம் முலூகியாக் கீரை பறிக்கக் கூட்டிட்டுப் போயிட்டார்."

அன்று முதல் லுத்ஃபியின் பெயர் கேப்டன் முலூகியா. கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதுதான். தெருவில் அதுதான். ஒரு நாள் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் கிடந்த நோயாளி ஒருவர் பஞ்சை எடுத்ததும் கேட்டார், "டாக்டர், உங்களுக்கு முலூகியா ரொம்பப் பிடிக்குமாமே?"

பெயரைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பரிசுதான் பொறுக்கவில்லை. கெய்ரோவில் விமானிகளுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றில் நிஜ விமான அறையைப் போலவே ஒரு பெரிய சிமுலேட்டர் உண்டு. கால்களில் நின்று ஆடும், குலுங்கும். கழகத்தில் ஜெயிப்பவருக்கு வருடத்தில் ஒரு முறை அதில் உட்கார இடம் தருவார்கள். வாலிபத்தில் விமானப் படைக் கல்லூரிக்குப் போன லுத்ஃபியைக் கண்ணில் நிறக்கோளாறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மூடிய அந்தக் கதவுக்குப் பதிலாக அவருக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு நாற்காலிதான். போன வருடம் ஜெயித்த முனீர் அதில் போய் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். பழைய சிமுலேட்டரைக் கழற்றப் போகிறார்கள், இந்த வருடம்தான் கடைசி என்றும் செய்தி வந்துவிட்டது.

வீடியோ தற்செயலாகத்தான் லுத்ஃபியின் கைக்கு வந்தது. சுண்டுவிரலைப் பார்த்த அன்று அவர் மிக அமைதியாக இருந்தார். அதன் பிறகு வருடம் முழுக்க, பல் துளைக்கும் கருவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த விரலை நினைத்தார். கோபத்தை ஒருவன் அடைகாக்க ஆரம்பித்துவிட்டால் அதற்குக் குளிர் காலமும் இல்லை, நோன்பு மாதமும் இல்லை. முனீரும் எல்லோர் முன்னாலும் விழ வேண்டும், ஏன் விழுந்தோம் என்று தெரியாமல் விழ வேண்டும். லுத்ஃபி கேட்டது அவ்வளவுதான்.

வழியும் தானாகத் திறந்தது. கழகத் தலைவர் அனீஸ், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் அறிவித்தார்: "இந்த வருஷம் எல்லார் குச்சிக்கும் ஒரே ஆள் நடு பிடிக்கட்டும். டாக்டர், நீங்களே பிடிங்க. அடுத்தவன் வாய்க்குள்ள ஊசியோட போற கை, நடுங்காது."

"சரி, ரய்யிஸ்" என்றார் லுத்ஃபி, தலைவரை அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல. குரலும் நடுங்கவில்லை.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகையில் இமாம் மன்னிப்பைப் பற்றித்தான் பேசினார். மன்னிக்கிறவனை இறைவன் நேசிக்கிறான் என்றார். லுத்ஃபி அதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, இது வேறு யாருக்கோ சொல்வது என்பதுபோல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

கழகத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. கடல்காற்று ஜன்னல்களை உலுக்கியது. தேநீர்க் குவளைகளும், சூரியகாந்தி விதைத் தோலும். பூகோள வாத்தியார் சாபித் வழக்கம்போல் விதை கொறித்துக்கொண்டே கைபேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். லுத்ஃபி ஒவ்வொருவராக அழைத்து நடு பிடித்தார்.

மதீஹா வந்தார். ரம்லே பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவர், கணவரை இழந்தவர், போட்டியில் கலந்துகொள்வது இதுதான் முதல் தடவை. கைகளைத் தூக்கிக்கொண்டே சொன்னார், "டாக்டர், நான் கீழே விழுந்தா நீங்களாவது சிரிக்காதீங்க. போன வருஷம் நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கலை, ஞாபகம் வெச்சுக்கோங்க."

"ஞாபகம் இருக்கு மதாம்" என்றார் லுத்ஃபி. உண்மைதான். அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடாத ஒரே ஆள் இந்த அம்மாள்.

அடுத்து முனீர், கனமான பழைய இரும்புக் குச்சியைக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "என்ன கேப்டன், இன்னைக்கு ஓடுபாதையா, கீரைத் தோட்டமா?"

"பார்க்கலாம், உஸ்தாத்" என்றார் லுத்ஃபி, மரியாதை குறையாமல்.

"என் குச்சி கிழவன் மாதிரி. உள்ள கிரீஸ் கட்டிப்போச்சு. எந்திரிச்சு நிக்க நேரமாகும். நின்னுட்டா ராஜா."

"தெரியும். எல்லா மூலைக்கும் சுத்துங்க. ம். இப்ப நல்லா பின்னால இழுங்க. விடுங்க. கை மேலே."

முனீர் சரணடைந்தார். அறை கத்தியது. குச்சி பின்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது முழுக்க நிமிர ஒரு மூச்சு நேரம் பாக்கி இருந்தது. நல்ல மனிதன் அந்த ஒரு மூச்சுக்குக் காத்திருப்பான். லுத்ஃபி காத்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கித் திரையில் நடு பிடிக்கும் பக்கத்தை மூடினார். விரல் எதுவும் எதிலும் படவில்லை.

இனி அந்தக் குச்சி நிமிர்ந்து நிற்கும்போதெல்லாம், யாரோ அதை முன்னால் தள்ளுவதாகக் கணினி நினைக்கும். பறக்கும்போது பெரிதாகத் தெரியாது. தரையைத் தொடப்போகும் கடைசி நொடியில் கை கொஞ்சம் தளரும் பாருங்கள், அப்போது மூக்கு சட்டென்று தாழும். விமானம் கல்லாக விழும். லுத்ஃபிக்கு வயிற்றுக்குள் சூடாக ஏதோ பரவியது. அது மகிழ்ச்சிதான் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

எல்லாக் குச்சிக்கும் நடு பிடித்து முடிந்ததும் அனீஸ் மேசை மணியை அடித்தார். "கேட்டுக்கோங்க. மணி அடிச்சாச்சு. இனிமே நடு பிடிக்கிற பக்கத்தைத் திறக்கிறவன், யாரா இருந்தாலும், போட்டியை விட்டு வெளியே. போன தடவை மாதிரி 'எனக்கு இன்னொரு வாட்டி, எனக்கு இன்னொரு வாட்டி'ன்னு மஃரிபு தொழுகை வரைக்கும் உக்கார முடியாது. வீட்ல என் பொண்டாட்டி மீன் வெச்சிருக்கா."

சீட்டுப் போட்டார்கள். சாபித் முதலில் வந்தார். கடைசிக்கு முந்தியது முனீர், அவருக்கு முந்தியது மதீஹா, கடைசி லுத்ஃபி. இதைவிட நல்ல வரிசை கிடைக்காது. முனீர் விழுவதை ஆற அமரப் பார்த்துவிட்டு, அதே ஓடுபாதையில் தான் பூப்போல இறங்கலாம்.

சாபித் விதை கொறிப்பதை நிறுத்தாமலே கோடுகளுக்குள் இறங்கிவிட்டு எழுந்தார். இன்னும் சிலர் ஓட்டினார்கள். மதீஹாவின் முறை வந்தது. அவர் எழுந்தபோது குச்சியின் ஒயர் நாற்காலிக் காலில் மாட்டி, குச்சி தரையில் விழுந்து கைப்பிடியோடு பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு சுருள்கம்பி உருண்டு முனீரின் செருப்பருகே போய் நின்றது.

மதீஹா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை" என்றார் கடைசியில். "நான் அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்."

"அடுத்த வருஷம் ஏது மதாம்?" என்றார் முனீர். குனிந்து சுருள்கம்பியை எடுத்து அவர் கையில் வைத்தார். பிறகு தன் இரும்புக் குச்சியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இதை எடுத்துக்கோங்க. நடு பிடிச்ச குச்சிதானே, ரய்யிஸ், யாரு ஓட்டினா என்ன?"

"விதிக்கு உட்பட்டதுதான்" என்றார் அனீஸ்.

"கொஞ்சம் முரட்டுக் கிழவன், மதாம். அதட்டாம சொன்னா கேப்பான்."

லுத்ஃபி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய கணக்கில் இது இல்லை. முனீர் யாருக்கும் எதையும் கொடுப்பார் என்று இந்த ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

மதீஹா உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். திரையில் மரியூத் ஏரி, தூரத்தில் ஓடுபாதை. ஆட்டம் தொடங்கும்வரை விமானம் வானத்தில் அசையாமல் நின்றது.

சும்மா இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது என்பது லுத்ஃபிக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் விழுவார். முதல் தடவை, பழகாத குச்சி, அவருடைய கைதான் சரியில்லை என்பார்கள். அடுத்து முனீர் அதே குச்சியோடு உட்கார்ந்து அவரும் விழுவார். எல்லாம் நினைத்தபடியே நடக்கும். நடுவில் ஒருவர் சேர்ந்து விழுவார், அவ்வளவுதான். இன்னொன்றும் அவர் மனதில் ஓடியது. கேப்டன் முலூகியா என்ற பெயர் இன்றோடு தன்னைவிட்டு இறங்கிவிடும். அது போய் ஏறப்போகும் இடம் எதிரில் உட்கார்ந்திருந்தது, "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டு.

சாபித் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"தயாரா மதாம்?" என்றார் அனீஸ்.

"ஒரு நிமிஷம்." லுத்ஃபி எழுந்துவிட்டிருந்தார். மேசைக்குப் போய் மதீஹாவின் பக்கத்தில் குனிந்தார். "கையை எடுங்க மதாம். மேலே தூக்குங்க." மவுஸைப் பிடித்து, திறக்கக் கூடாத அந்தப் பக்கத்தைத் திறந்தார். குச்சியைத் தானே எல்லா மூலைக்கும் சுற்றினார், பின்னால் இழுத்தார், விட்டார். அது மெதுவாக வந்தது. நிமிர்ந்தது. அவர் இன்னும் காத்திருந்தார். பிறகு அமுக்கினார்.

"டாக்டர்" என்றார் அனீஸ், வருத்தமாக. "மணி அடிச்சாச்சே."

"தெரியும், ரய்யிஸ்."

"எனக்கு வேற வழி இல்லை."

"நானும் வேற வழி கேக்கலை."

"ஆனா ஏன்? என்ன ஆச்சு அந்தக் குச்சிக்கு?"

லுத்ஃபி மவுஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னால் யாரோ, "தன் முறை வர்றதுக்குள்ள பயந்துட்டார் போல" என்றது காதில் விழுந்தது. இன்னொரு குரல், "என்னவோ செஞ்சிருக்கார்ப்பா, முகத்தைப் பாரு" என்றது. அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே டிராம் போயிற்று. கடல் சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. கெய்ரோவில் இருக்கும் அந்த நாற்காலியை லுத்ஃபி நினைத்தார். அது தோலா துணியா என்றுகூட இனித் தெரியப்போவதில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கைதட்டல் கேட்டது. பெரிய கைதட்டல் இல்லை. முழுதாக இறங்கிவிட்ட ஒருவருக்கு விழும் கைதட்டல்.

கதவு திறந்தது. முனீர்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, டாக்டர். அந்த அம்மாவுக்கு ஏதாவது கெடுதல் செய்யணும்னு நினைச்சீங்களா?"

"அவங்களுக்கு ஏன் செய்யறேன்? உங்களுக்குத்தான் செஞ்சேன். நீங்க அதைத் தூக்கி அவங்ககிட்டக் குடுத்துட்டீங்க."

முனீருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "எவ்வளவு?"

"ஒரு மூச்சு. உங்க கிழவன் எந்திரிக்கறதுக்கு முன்னாடி அமுக்கிட்டேன்."

"விரல்கூட வைக்காம." முனீர் தலையை ஆட்டினார். ஒரு கைவேலையை இன்னொரு கைவேலைக்காரன் பார்ப்பதுபோல இருந்தது அது. "சுத்தமான வேலை."

"உங்க வேலையைவிடச் சுத்தம்."

காற்று இருவருக்கும் நடுவில் புகுந்து போயிற்று. முனீர் தன் சுண்டுவிரலைப் பார்க்கவில்லை. ஆனால் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எப்பத் தெரியும்?"

"ரம்ஜானுக்கு முன்னாடியே. வீடியோ இருக்கு."

"யார்கிட்டக் காட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்லை. உங்களை நானே முடிக்கணும்னு வெச்சிருந்தேன்."

"உங்களை ஜெயிக்க முடியாதுன்னு தெரியும்" என்றார் முனீர். "அதான். வேற காரணம் எதுவும் இல்லை. கெய்ரோல போய் உக்காந்தும் நல்லா இல்லை."

"படத்துல நல்லாத்தான் சிரிச்சிருந்தீங்க."

"படத்துக்கு எவன் அழுவான்?"

உள்ளிருந்து அனீஸின் குரல் கேட்டது. "முனீர், உங்க முறை. எங்கே போய்த் தொலைஞ்சீங்க?"

முனீர் உள்ளே போனார். பால்கனிக் கதவு சரியாகச் சாத்தாததால் லுத்ஃபிக்கு எல்லாம் கேட்டது.

"உஸ்தாத் முனீர்," என்றார் அனீஸ், "டாக்டர் உங்க குச்சியில கை வெச்சார். ஏன்னு சொல்லவும் மாட்டேங்கறார். நீங்க கேட்டா நான் திரும்ப நடு பிடிக்கறேன். இந்த ஒரு தடவை விதியில இடம் குடுக்கறேன். என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா அதையும் சொல்லிடுங்க."

அறை காதைத் தீட்டிக்கொண்டது. லுத்ஃபி கண்ணை மூடிக்கொண்டார். முனீர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நாளை காலை லுத்ஃபியின் பல் நாற்காலியில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"என்ன நடந்துச்சு?" என்றார் முனீர். "கிழவன் எந்திரிக்க லேட்டாச்சு, டாக்டர் பார்த்தார், சரி பண்ணினார். அதுக்காகத் தன் ஆட்டத்தையும் விட்டார். திரும்பப் பிடிக்க வேண்டாம், ரய்யிஸ். டாக்டர் கை வெச்சா சரியா இருக்கும்."

முன்பு பேசிய இரண்டு குரல்களும் எழவில்லை.

முனீர் ஓட்டினார். ஏரிக்கு மேல் நன்றாகத்தான் வந்தார். கடைசியில் கொஞ்சம் அவசரப்பட்டு, சக்கரம் அடித்து ஒரு முறை குதித்து, வெள்ளைக் கோடுகளைத் தாண்டிப் போய் நின்றார். குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி சொன்னார், "குச்சி நேராத்தான் இருந்துச்சு. கைதான் சரியில்லை."

சாபித் ஜெயித்தார். எல்லோரையும்விட அவரே அதிகம் திடுக்கிட்டார். வாயில் இருந்த விதையை விழுங்கிவிட்டு, "நானா?" என்றார். பிறகு உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்து, "கெய்ரோவுக்கு என்ன சட்டை போடறது?" என்று கேட்டார்.

லுத்ஃபி தன் கோட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அந்த நாற்காலி போய்விட்டது. சாபித் உட்காரப் போகிறார் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது, அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் ஒரு வருடமாக வயிற்றில் கிடந்த சூடு இல்லாதது அவருக்கு விசித்திரமாக இருந்தது. அந்த இடத்தில் வெறும் பசிதான் இருந்தது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

தெருமுனையில் கல்லீரல் வறுக்கும் வண்டிக்கு முன்னால் முனீர் நின்றிருந்தார். இரண்டு ரொட்டிகளில் மிளகாயோடு கல்லீரலை நிரப்பச் சொல்லி, ஒன்றை நீட்டினார்.

"நான் உன்னை இன்னும் மன்னிக்கலை" என்றார் லுத்ஃபி.

"யாரு கேட்டா? மன்னிக்காமலே சாப்பிடு. ஆறிடும்."

லுத்ஃபி வாங்கிக்கொண்டார். காற்றுக்கு முதுகைக் காட்டி இருவரும் வண்டியோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். முதல் கடியிலேயே மிளகாய் ஏறி லுத்ஃபிக்குக் கண்ணில் நீர் வந்தது. வண்டிக்காரன் கேட்காமலே ஒரு குவளைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினான்.